சீஃபோர்டில் இறங்குங்கள்: லண்டன் தமிழ்ப் பாடசாலைக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆண்டிறுதிப் பரீட்சை முடிந்ததும் நம் சனிக்கிழமைப் பாடசாலைகள் பலவும் கோடைச் சுற்றுலாவுக்குப் பஸ் பிடிக்கின்றன. ஹரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குறொய்டன் என்று எங்கிருந்து புறப்பட்டாலும், தென்கரைக்குப் போகும் பஸ் பல வேளைகளில் பேர்லிங் காப் வாகனத் தரிப்பிடத்தில்தான் போய் நிற்கும். சாப்பாட்டுப் பெட்டிகள் இறங்கும். பிள்ளைகள் கூழாங்கல் கரையில் கொஞ்ச நேரம் ஓடித் திரிவார்கள். பிறகு எல்லோருமாக மேலே ஏறி, வெள்ளைப் பாறையின் விளிம்பருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, போக்குவரத்து நெரிசலுக்கு முன் வீடு திரும்புவோம். அந்தச் சுற்றுலாவை இந்த முறை நடையாக மாற்றுங்கள் என்று கேட்பதற்கே இந்த மடல்.

நான் சொல்லும் நடை சீஃபோர்ட் ரயில் நிலையத்தில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் முடிகிறது. ஏறக்குறைய 22 கிலோமீட்டர். வின்செஸ்டரில் இருந்து 160 கிலோமீட்டர் வரும் சவுத் டவுன்ஸ் வே என்னும் நெடும்பாதையின் கடைசித் துண்டும் இதற்குள் அடங்கும். அந்தப் பாதை முழுவதும் உள்நாட்டு மேடுகளில் வந்து, இறுதியில்தான் கடலைச் சந்திக்கிறது. ஒரு நாளில் முழுவதையும் நடக்க முடியாதவர்கள் பாதி நடக்கலாம். அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் விளிம்பைப் பற்றிக் கதைக்க வேண்டும். நம் சுற்றுலாப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு நித்திரையைக் கெடுப்பது அதுதான்.

அந்தப் பாறை சுண்ணம். நகத்தால் கீறலாம். கடல் அதன் காலடியை இடைவிடாமல் அரிக்கிறது. மழைநீர் வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து வெடிப்பை அகட்டுகிறது. ஒருநாள், எந்த முன்னறிவித்தலும் இல்லாமல், ஒரு சுவர் முழுதாகச் சரிகிறது. மேலே நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் மட்டமான பச்சைப் புல்தரை மட்டும். அந்தப் புல்லுக்குக் கீழே பாறை இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்று மேலே நின்று ஒருவராலும் சொல்ல முடியாது. கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான், சில இடங்களில் புல்விளிம்பு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு எண் தந்தது. கடலரித்த பாறைத் தளத்தில் கிடக்கும் சக்கிமுக்கிக் கற்களில், விண்வெளிக் கதிர்களால் உருவாகும் பெரிலியம்-10 எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். இந்தக் கரையில் உள்ள ஹோப் காப், பீச்சி ஹெட் ஆகிய இரு இடங்களிலும், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாகப் பாறை ஆண்டுக்கு 2 முதல் 6 சென்ரிமீட்டர் வரை பின்வாங்கி வந்திருக்கிறது. கடைசி 150 ஆண்டுகளில் அது 22 முதல் 32 சென்ரிமீட்டராகக் கூடிவிட்டது. அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் கூழாங்கல் கரை மெலிந்து போனது இதற்கு முக்கிய காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதுவும் சராசரிக் கணக்குத்தான். உண்மையில் பல ஆண்டுகள் ஒன்றும் நடக்காது; பிறகு ஓர் இரவில் பல மீட்டர் போகும். 1999 ஜனவரியில் பீச்சி ஹெட்டில் விழுந்த பாறைக் குவியல் கடலுக்குள் நிற்கும் வெளிச்சவீட்டை நோக்கிப் பரவிக் கிடந்தது. 2001-இல் டெவில்ஸ் சிம்னி என்று பெயர் பெற்றிருந்த பாறைத் தூண் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பேர்லிங் காப்பில் வரிசையாக நின்ற பழைய கடலோரக் காவலர் வீடுகள், கடல் நெருங்க நெருங்க, ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு இப்போது சிலவே மிச்சம்.

2017 ஜூனில், படத்துக்காகத் துள்ளிக் குதித்த வெளிநாட்டு மாணவி ஒருத்தி இந்தப் பாறையில் இருந்து விழுந்து இறந்தாள். அவளுக்கு 23 வயது. அவளுடைய பெற்றோருக்கும் யாரோ தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே விளிம்பில் இருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளியே நடப்பது என்று நான் வைத்திருக்கிறேன். காற்று அடித்தால் இன்னும் உள்ளே. ஏழு சகோதரிகள் என்று பெயர் பெற்ற ஏழு வெள்ளை முகங்களும் ஒன்றாகத் தெரியும் அந்தப் பிரபலமான படம் வேண்டுமென்றால், அவற்றின் மேல் நின்று அதை எடுக்கவே முடியாது. குக்மியர் ஆற்றின் மேற்குப் பக்கம், சீஃபோர்ட் ஹெட் சரிவில் நின்றுதான் எடுக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் சீஃபோர்டில் இருந்து நடந்து வருவது நல்லது.

பாறையின் அடியில் நடப்பதும் ஆபத்தே. குக்மியர் ஆற்று முகத்துக்கும் பேர்லிங் காப்புக்கும் இடையே மேலே ஏற ஒரு வழியும் கிடையாது. கடல் ஏறத் தொடங்கினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சுவர். நம் சமூகத்துக்கு இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறுகிறது. இதே மாவட்டத்தின் கிழக்கு மூலையில், கேம்பர் சாண்ட்ஸ் மணற்கரையில், 2016 ஓகஸ்டில் நம் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே நாளில் போனார்கள். அது மணல், இது பாறை. ஆனால் அடிப்பது ஒரே கடல்தான். கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்க்காமல் யாரும் கரைக்கு இறங்கக் கூடாது.

இனிப் பாதைக்கு வருகிறேன்.

நடைக்கு அழைக்கும்போது பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: “அங்கேயெல்லாம் நாங்கள் நடக்கலாமோ? அது ஆருடைய காணியோ தெரியாது.” நியாயமான கேள்வி. கடற்கரைக்குப் போக அனுமதி கேட்ட காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். 1990-இல் கைவிட்டு வந்த மயிலிட்டித் துறைமுகத்துக்கு அந்த ஊர் மக்கள் 2017-இல்தான் திரும்பப் போக முடிந்தது. வேலியைக் கண்டால் நிற்கும் பழக்கம் நமக்கு அனுபவத்தால் வந்தது.

ஆனால் இந்தப் பாதையில் நீங்கள் நடக்கலாம். யாரும் தயவு பண்ணித் தந்த வழி இல்லை இது; சட்டம் தந்த உரிமை. அந்தச் சட்டமும் சும்மா வந்துவிடவில்லை.

முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் கரையெங்கும் காணித் துண்டு விற்பனை பரவியது. சார்ல்ஸ் நெவில் என்ற வியாபாரி 1916-இல் தொடங்கிய பீஸ்ஹேவன் என்ற ஊர், சீஃபோர்டில் இருந்து மேற்கே சில மைல் தூரத்தில், அதே சுண்ண மேட்டின் மேல் இன்றும் இருக்கிறது. சதுரம் சதுரமாகப் பிரித்த தெருக்கள், அவற்றில் சிறு பங்களாக்கள், கடல் விளிம்பு வரை. அங்கே வீடு வாங்கிய சாதாரணக் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். போருக்குப் பிறகு ஒரு வீடும் கொஞ்சம் கடற்காற்றும் அவர்களுக்கும் வேண்டியிருந்தன. ஆனால் அடுத்து விலைபோக இருந்தது ஏழு சகோதரிகளின் மேல் கிடக்கும் க்ரோலிங்க் நிலம். 1923-இல் தொடங்கப்பட்ட சசெக்ஸ் டவுன்ஸ்மென் சங்கமும் மற்றவர்களும் ஊரெல்லாம் பணம் சேர்த்து, 1926-இல் அதைக் கட்டடக்காரர்களிடம் இருந்து மீட்டார்கள்; நிலம் நாஷனல் ட்ரஸ்டுக்குப் போயிற்று. அதே 1926-இல் ஈஸ்ட்போர்ன் நகரசபை, நாடாளுமன்றத்தில் தனக்கென ஒரு சட்டமே கொண்டுவந்து, பீச்சி ஹெட்டைச் சுற்றி ஏறக்குறைய 4,000 ஏக்கரை வாங்க வழி செய்தது. நகரத்தின் குடிதண்ணீரைக் காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அந்த நிலத்தில் இருந்த பண்ணைகளை விற்க 2010களில் ஒரு திட்டம் எழுந்தபோது, ஊர் மக்கள் விடவில்லை. 2017-இல் திட்டம் கைவிடப்பட்டது.

வடக்கே, 1932-இல், கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் தொழிலாளர் இளைஞர்கள் கூட்டமாக ஏறினார்கள். நிலப்பிரபுக்கள் வேட்டைப் பறவைகளுக்காக அடைத்து வைத்திருந்த மேடு அது. அவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகு 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நெடும்பாதைகளுக்குமான சட்டம் வந்தது. 1972-இல் சவுத் டவுன்ஸ் வே திறக்கப்பட்டது. 2000-இல் திறந்த மேடுகளில் உலாவும் உரிமை வந்தது. 2009-இல் இங்கிலாந்தின் கரை முழுவதும் நடக்க ஒரு பாதை அமைக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்தக் கடைசிச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். கடல் அரித்துப் பாதை விழுந்துவிட்டால், உரிமையும் சேர்ந்து கடலில் விழுந்துவிடாது. பாதை உள்ளே நகரலாம். காணிக்காரரோடு முதலில் இருந்து வழக்காடத் தேவையில்லை. நிலம் பின்வாங்கும் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிய சட்டம்.

வழிகாட்டிக் கம்பத்தில் ஓக் மரக் கொட்டை ஒன்று செதுக்கியிருந்தால் அது தேசிய நெடும்பாதை. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்புள்ள வழியில் குதிரையும் சைக்கிளும் வரும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் போதும், அவர்களே வழி கண்டுபிடிப்பார்கள். பண்ணைப் படலையைத் திறந்தவர் சாத்திவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சீஃபோர்டில் இறங்கியதும் கடற்கரை வீதியில் உருண்டையான ஒரு கோபுரம் நிற்கும். நெப்போலியன் படையெடுப்பான் என்று பயந்து கட்டிய மார்ட்டெல்லோ கோபுர வரிசையில் இது 74-ஆவது, மேற்கே கடைசி. அதைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். முதல் அரை மணி நேரம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்க விடுங்கள். சீஃபோர்ட் ஹெட் உச்சியைக் கடந்து ஹோப் காப் பக்கம் இறங்கும்போது, குக்மியர் ஆறும், அதன் கரையில் வெள்ளைச் சுவர்களோடு நிற்கும் காவலர் வீடுகளும், அவற்றுக்குப் பின்னால் ஏழு சகோதரிகளும் ஒன்றாகத் தெரியும். நான் மேலே சொன்ன படம் இங்கேதான்.

ஆற்றைக் கடக்கப் பாலம் எக்சீட்டில்தான் இருக்கிறது. அதற்காக உள்நாட்டுப் பக்கம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். முகத்துவாரத்தில் இறங்கிக் கடக்க முயலாதீர்கள்; இழுப்பு பலமானது. இந்தச் சுற்று எனக்கு வீண் நடையாகத் தோன்றியதே இல்லை. சசெக்ஸ் கரையில் துறைமுகமோ ஊரோ கட்டப்படாமல் மிஞ்சிய ஒரே ஆற்று முகம் இது. பாம்பாய் வளைந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்து ஆறு இவ்வளவு மெதுவாகப் போகிறதே என்று நினைப்பீர்கள். அது ஆறே அல்ல. 1847-இல் நேர்க் கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். வளைவுகள் அப்படியே தேங்கி நிற்கின்றன. எக்சீட் என்று ஓர் ஊரும் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயும் பிரெஞ்சுத் தாக்குதல்களும் அதை வெறுமையாக்கின. தேவாலயம் நின்ற மேட்டில் இப்போது ஒரு கல் மட்டும்.

மறு கரையால் திரும்பி வந்து ஹேவன் புரோ ஏறுங்கள். சகோதரிகளில் உயரமானவள் இவளே: 77 மீட்டர். இனி ஏறுவதும் இறங்குவதுமாக, ஒவ்வொன்றும் வயிற்றில் தெரியும். பெரியவர்கள் நின்று மூச்சு வாங்க வெட்கப்பட வேண்டாம்.

இந்த மேடு பள்ளம் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒவ்வொரு பள்ளமும் ஒரு பள்ளத்தாக்கின் வெட்டுமுகம். ஆனால் எந்தப் பள்ளத்தாக்கிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடுவதில்லை. பனியுகத்தில் தரை ஆழம்வரை உறைந்து கிடந்தது. கோடையில் உருகிய பனி கீழே இறங்க முடியாமல் மேலேயே ஓடிப் பாறையை வெட்டியது. உறைவு போன பிறகு சுண்ணம் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கிற்று, ஓடைகள் மறைந்தன. பிறகு கடல் வந்து அந்தப் பள்ளத்தாக்குகளைக் குறுக்கே அரிந்தது. அதனால்தான் இந்த அலைவடிவம்.

உங்கள் குழுவில் யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் இருந்தால், இதை அவரிடமே விளக்கச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத ஊர் அவருடையது. மழை முழுவதும் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடும். கிணற்றில் இருந்துதான் வாழ்க்கை. நம் ஊர்ச் சுண்ணக்கல் இதைவிட வயதில் இளையது, இதைவிட வன்மையானது. ஆனால் தண்ணீரின் நடத்தை ஒன்றே. பிரைட்டன்காரர் குடிப்பதும் இந்த மேடுகளுக்குள் இறங்கிச் சேர்ந்த தண்ணீரைத்தான். வீட்டுக் கிணற்றில் எரு கலந்து பழுதாகாமல் காத்தவர்களுக்கு, ஒரு நகரம் தன் தண்ணீருக்காக ஏன் மேட்டை வாங்கியது என்று இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

பாறை எதனால் ஆனது என்பதை வகுப்பிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, டைனோசர்கள் மறையும் காலம் வரை, இந்த இடமெல்லாம் கடல். அதில் மிதந்த நுண்ணிய பாசிகள் தங்கள் உடலைச் சுற்றிச் சுண்ணத் தகடுகளைச் செய்துகொண்டன. பாசி செத்ததும் தகடுகள் அடியில் படிந்தன. ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்ரிமீட்டர். பிள்ளை தன் உயரத்தைப் பாறை முகத்தில் மனதால் குறித்து, அது படிய எத்தனை ஆயிரம் ஆண்டு எடுத்திருக்கும் என்று கணக்குப் பார்க்கட்டும். வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கோடுகளாய் ஓடுபவை சக்கிமுக்கிக் கற்கள். அக்காலக் கடற்பஞ்சுகளின் சிலிக்காவில் இருந்து வந்தவை. விஞ்ஞானி தோமஸ் ஹக்ஸ்லி 1868-இல் நோரிச் நகரத் தொழிலாளர்களுக்கு ஒரு வெண்கட்டித் துண்டைப் பற்றி மட்டும் ஒரு முழு விரிவுரை ஆற்றினார். உலகத்தின் வரலாற்றையே அதில் இருந்து எடுத்துக் காட்டினார். தன் கடைசி ஆண்டுகளை அவர் கழித்தது ஈஸ்ட்போர்னில்தான். 1895-இல் அங்கேதான் இறந்தார்.

காலடியில் இருக்கும் புல்லைப் பார்க்காமல் போகாதீர்கள். இந்த நடையில் எனக்கு மிக நெருக்கமானது அதுதான். இது இயற்கையாக வந்த புல்வெளி என்று நினைக்கிறோம். ஆடுகள் செய்த புல்வெளி இது. பல நூற்றாண்டுகள் செம்மறிகள் மேய்ந்து, உயர்ந்து வளரும் எதையும் தலையெடுக்க விடாமல் கறித்ததால், தரையோடு தரையாய்ப் படரும் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைத்தது. மண்ணில் சத்துக் குறைவு. அதனால் எந்த ஒரு செடியும் மற்றவற்றை அமுக்க முடியவில்லை. நல்ல இடங்களில் ஒரு சதுர மீட்டரில் 40 வகைத் தாவரங்கள் வரை எண்ணலாம். ஆசிரியர்களே, ஒரு கயிற்றால் சதுரம் போட்டுப் பிள்ளைகளை எண்ண விடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் இலையை இலையில் இருந்து பிரித்தறிவார்கள். கிளைண்ட் ஊரின் ஜோன் எல்மன் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்த்துச் சீராக்கிய சவுத் டவுன் ஆடு இந்த மேட்டின் பிள்ளை. பகலில் மேட்டில் மேய்ந்து, இரவில் கீழே உழுத வயலில் பட்டி போட்டால், ஆடே வயலுக்கு எருவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆட்டுப்பட்டி அடைத்து வயலை வளமாக்கியவர்கள் நம் பாட்டன்மாரும்தானே.

இரண்டாம் உலகப் போரில் உணவுக்காக மேடுகளை உழுதார்கள். போருக்குப் பின் செயற்கை உரம் வந்தது, உழவு நிற்கவில்லை. இந்த நாட்டின் சுண்ண மேட்டுப் புல்வெளியில் 80 சதவீதத்துக்கு மேல் அதற்குப் பிறகு போய்விட்டது. உழ முடியாத செங்குத்துச் சரிவுகளும் இப்படிப்பட்ட கரையோரத் துண்டுகளுமே மிச்சம். அடோனிஸ் புளூ என்று ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. ஆணின் சிறகில் அப்படியொரு நீலம். அதன் புழு ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடி ஒன்றையே தின்னும். எறும்புகள் அந்தப் புழுவுக்குக் காவல் நிற்கும். புல் கொஞ்சம் உயர்ந்தாலே தரையின் சூடு குறைந்து அந்தப் பூச்சி அந்த இடத்தை விட்டுப் போய்விடும். ஆடு, புல், மஞ்சள் பூ, எறும்பு, வண்ணத்துப்பூச்சி: இவற்றில் எது அறுந்தாலும் மற்றது நிற்காது. தலைக்கு மேலே வானம்பாடி விடாமல் பாடிக்கொண்டிருக்கும். அது கூடு கட்டுவது தரையில், அதே புல்லுக்குள். பாதையை விட்டு ஓடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

ஏழாவது இறக்கத்தில் பேர்லிங் காப். அதைத் தாண்டி அடுத்த ஏற்றத்தில் பெல் டூட் வெளிச்சவீடு நிற்கும். 1834-இல் ஏற்றப்பட்ட விளக்கு. மேட்டின் உச்சியில் கட்டியதால் மூடுபனி நாட்களில் கப்பல்களுக்கு அது தெரியவே இல்லை. 1902-இல் கைவிட்டு, பீச்சி ஹெட்டின் காலடியில், கடலுக்குள், 43 மீட்டர் உயரத்தில் புதிய வெளிச்சவீடு ஒன்றைக் கட்டினார்கள். சிவப்பு வெள்ளைப் பட்டையோடு இன்றும் நிற்பது அதுதான். பழையதை 1999-இல், விளிம்பு மிக நெருங்கிவிட்டதால், 850 தொன் எடையோடு அப்படியே தூக்கி, தண்டவாளத்தில் 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்.

பீச்சி ஹெட் 162 மீட்டர். பிரித்தானியாவின் சுண்ணக் கடற்பாறைகளில் இதற்கு மேல் உயரம் இல்லை. பிரெடரிக் ஏங்கெல்சின் சாம்பலை 1895-இல் இந்தக் கடலில்தான் தூவினார்கள். அவருக்குக் கல்லறை கிடையாது. அவருடைய எழுத்தைத் தமிழில் படித்து வளர்ந்த அப்பாக்கள் நம் பஸ்ஸில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தெரியட்டும். இங்கிருந்து ஈஸ்ட்போர்னுக்கு ஒரே இறக்கம்.

இந்த ஒரு நாள் நடை பிடித்துப் போனால், மேற்கே போய் சவுத் டவுன்ஸ் வேயின் இன்னொரு துண்டையும் பாருங்கள். பிரைட்டனுக்கு மேலே, பாதையில் இருந்து சற்று விலகி, பச்சம் என்ற ஊருக்கு அருகே, திறந்த மேட்டில் வெண்பளிங்குக் குடை மண்டபம் ஒன்று நிற்கிறது. சத்ரி என்பார்கள். முதலாம் உலகப் போரில் காயப்பட்டு பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியப் படைவீரர்கள் 53 பேரை எரித்த இடம் அது. பம்பாயைச் சேர்ந்த ஹென்ரிக்ஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் வரைந்தது, 1921-இல் திறக்கப்பட்டது. கார் போகாது. நடந்துதான் போக வேண்டும். நம்மைப் போன்ற நிறத்தவர்கள் இந்த மேட்டுக்கு நேற்று வந்தவர்கள் என்று யாரும் நினைத்தால், நூறு ஆண்டுக்கும் முன்பே அந்தச் சிதைகள் இந்தச் சுண்ணத்தின் மேல்தான் எரிந்தன என்று சொல்லுங்கள்.

இனி ஒழுங்குகள். பிடிமானமுள்ள சப்பாத்து வேண்டும். மழை பெய்த பிறகு சுண்ணப் பாதை மோசமாக வழுக்கும். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கில் இருந்து அடிக்கும். சீஃபோர்டில் தொடங்கினால் அது முதுகில் தள்ளும், ஈஸ்ட்போர்னில் தொடங்கினால் நாள் முழுவதும் முகத்தில் அறையும். மேட்டில் நிழலே கிடையாது, தண்ணீரும் கிடையாது. எக்சீட்டிலும் பேர்லிங் காப்பிலும் பீச்சி ஹெட்டிலும்தான் கழிவறை. பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12-ஆம் எண் பஸ் சீஃபோர்டிலும் எக்சீட்டிலும் நிற்கும், ஆகவே களைத்தவர்களுக்கு நடுவிலேயே வெளியேற வழி உண்டு.

நம் பஸ்ஸை இப்படிப் பயன்படுத்தலாம். நடப்பவர்களைக் காலையில் சீஃபோர்டில் இறக்கிவிட்டு, முழங்கால் நோவுள்ளவர்களையும் கைக்குழந்தைக்காரரையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு சாரதி பேர்லிங் காப்புக்குப் போகட்டும். மத்தியானம் தாண்டி நாங்கள் ஏழு மேடும் இறங்கி வருவோம். புளிச்சாதமும் ரோல்ஸும் அங்கே ஒன்றாகச் சாப்பிடலாம். சிறு பிள்ளைகள் அதோடு பஸ்ஸில் ஏறிவிடலாம். காலில் பலம் இருப்பவர்கள் பீச்சி ஹெட் ஏறி ஈஸ்ட்போர்னில் வந்து சேரலாம். சிறு பிள்ளைகள் எக்சீட்டில் இருந்து மட்டும் நடந்தாலும் போதும், சகோதரிகள் முழுவதும் அந்தத் துண்டுக்குள்தான்.

ஜூன் மாதம் என்றால் பகல் நீளம், நீல வண்ணத்துப்பூச்சியின் முதல் பருவமும் முற்றாக முடிந்திருக்காது. ஓகஸ்டில் அது இரண்டாம் முறை பறக்கும், ஆனால் வெயிலும் கூட்டமும் கூட. நிர்வாகக் குழு நாளைக் குறித்துச் சொன்னால், வழியும் கடல் ஏற்ற நேரமும் பார்த்து எழுதித் தருவது என் பொறுப்பு. முன்னால் நடக்க நான் வருகிறேன். பின்வரிசையில், கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் நடக்கப் பொறுமையுள்ள இருவரை நீங்கள் தேடித் தாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு அந்தப் பஸ்ஸில் வரும் ஒரு தாய்